பறக்கிறதை நம்பிடுவேன், பிடிக்கிறதைத்தான் நம்ப முடியல

ஃபேண்டசி படம் பாக்கும்போது லாஜிக் பாக்கக் கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு. நானும் அதுல கையெழுத்துப் போட்டவன்தான். மனுஷன் பறக்கலாம். மணிக்கட்டுலேருந்து சிலந்தி நூல் வரலாம். ஒரே குத்துல முப்பது பேர் அந்தரத்துல சுழலலாம். காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டு, "அது எப்படிங்க முடியும்?"னு பக்கத்து சீட்டுக்காரரைத் தொந்தரவு பண்ற ஆள் நான் இல்ல.

ஆனா ஒரே ஒரு சீன் வந்தா மட்டும் எனக்குள்ள இருக்கிற டாக்டர் நிமிர்ந்து உக்காந்துடுவார். உயரத்துலேருந்து ஒருத்தர் விழுவாங்க. தரையைத் தொட நாலு அடி இருக்கும்போது ஹீரோ பாய்ஞ்சு வந்து ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிப்பார். தியேட்டர் கைதட்டும். விழுந்தவங்க மெதுவா கண்ணைத் திறந்து சிரிப்பாங்க.

அந்தச் சிரிப்புதான் எனக்கு இடிக்குது.

இந்தத் திரெட் அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், டீ எடுத்து வெச்சுக்கோங்க. கணக்கு உண்டு, ஆனா ஒரே ஒரு வகுத்தல்தான். சூப்பர்மேன்ல ஆரம்பிச்சு உங்க கார் முன் சீட்டுக்கு வந்து சேருவோம்.

1978-ல வந்த சூப்பர்மேன் படம். கிறிஸ்டோபர் ரீவ் நடிச்சது. கட்டடத்து உச்சியில ஹெலிகாப்டர் விபத்து. லோயிஸ் லேன் பிடி நழுவி விழுறாங்க. கீழேருந்து சூப்பர்மேன் பறந்து போய் அந்தரத்துலயே பிடிச்சுடறார். உலகத்துலயே ரொம்பப் பேர் பாத்த காப்பாத்தல்கள்ல அதுவும் ஒண்ணு.

விழுறதுல உடம்புக்குப் பெரிய கஷ்டம் இல்ல. விழும்போது தலை, நெஞ்சு, கல்லீரல் எல்லாமே ஒரே வேகத்துல ஒண்ணாப் போயிட்டிருக்கு. பிரச்சினை நிக்கும்போது வருது. எவ்வளவு வேகத்துல வந்தீங்கங்கிறது ஒரு பாதி, எவ்வளவு தூரத்துக்குள்ள நின்னீங்கங்கிறது இன்னொரு பாதி.

அதுக்கான வகுத்தல் இதுதான்: விழுந்த உயரத்தை, நிக்கிறதுக்குக் கிடைச்ச தூரத்தால வகுங்க. வர்ற விடைதான் 'ஜி'. மரியாதைக்குப் பேரோட சேக்குற ஜி இல்ல. ஒரு ஜின்னா நம்ம எடை அளவு விசை. பத்து ஜின்னா நம்ம எடையைப் போல பத்து மடங்கு.

பத்தடி உயரத்துலேருந்து குதிச்சு, முழங்காலை மடக்கி ரெண்டடி தூரத்துல நின்னா 5 ஜி. அதே பத்தடியில காலை விறைப்பா வெச்சுக்கிட்டு சிமெண்ட் தரையில ஒரு அங்குலத்துக்குள்ள நின்னா 120 ஜி. உயரம் ஒண்ணுதான், ஆளும் ஒண்ணுதான். முதல் ஆள் எழுந்து நடந்து போவார். ரெண்டாவது ஆளைக் குதிகால் எலும்பும் இடுப்புக்கு மேல முதுகெலும்பும் நொறுங்கி ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வருவாங்க. மரம் ஏறி விழுந்தவங்களுக்கு இந்த ரெண்டும் சேர்ந்து வரலாம். அதனால குதிகால் உடைஞ்சு வந்தா முதுகையும் எக்ஸ்ரே எடுக்கணும்னு எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக் குடுப்பாங்க.

இப்போ லோயிஸ் லேனுக்கு வருவோம். இருபது மாடி, அதாவது சுமார் 60 மீட்டர் விழுந்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம். அந்த நேரத்துல வேகம் மணிக்கு 120 கிமீக்கு மேல. சூப்பர்மேன் கை 30 செமீ கீழ இறங்கிக் குடுத்து நிறுத்துதுன்னு தாராளமா எடுத்துக்கிட்டாலும் 60-ஐ 0.3-ஆல வகுத்தா 200 ஜி. ஐம்பது கிலோ பெண்ணுக்கு அது பத்து டன். அந்தப் பத்து டன்னும் ரெண்டு முன்கை அகலத்துல, முதுகுலயும் தொடையிலயும் இறங்குது. இரும்பு மனுஷனோட கை வேற. தரையில விழுந்தா இருந்திருக்கிற நிலைமைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

இதுல அவர் சும்மா நின்னு பிடிக்கல, கீழேருந்து மேல பறந்து வர்றார். அவரும் அதே வேகத்துல வந்தா மோதுற வேகம் ரெண்டு மடங்கு. வேகம் ரெண்டு மடங்கானா அதுக்குச் சமமான உயரம் நாலு மடங்கு. அதாவது எண்பது மாடி. காப்பாத்த வந்தவர் அறுபது மாடியைக் கூடுதலா சேத்து விட்டுட்டார்.

சூப்பர்மேனுக்கு என்கிட்ட ஒரு யோசனை இருக்கு. எதிர்ல வராதீங்க. மேலேருந்து துரத்தி வந்து, அவங்க விழுற அதே வேகத்துக்கு வந்துட்டு, மெதுவா கையைக் கோத்துக்கிட்டு, அடுத்த அறுபது மீட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா பிரேக் போடுங்க. அப்போ வேகம் குறையறதுக்கு 1 ஜிதான், நம்ம சொந்த எடையைச் சேர்த்தா 2. லிஃப்ட்ல கொஞ்சம் அழுத்தின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காட்சி மெதுவாப் போகும், கைதட்டல் குறையும். ஆனா லோயிஸ் லேன் மறுநாள் ஆபீஸ் போவாங்க.

இந்த இயற்பியலை நேர்மையா ஏத்துக்கிட்ட ஒரு கதையும் இருக்கு. 1973-ல வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் காமிக்ஸ், 121-வது இதழ். பாலத்து உச்சியிலேருந்து க்வென் ஸ்டேஸியை வில்லன் தள்ளி விடறான். ஸ்பைடர்மேன் நூல் விட்டுக் காலைப் பிடிச்சுடறார். மேல இழுத்துப் பாத்தா க்வென் உயிரோட இல்ல. அந்தப் படத்துல கழுத்துப் பக்கத்துல 'ஸ்னாப்'னு சின்னதா ஒரு எழுத்து. விழுந்ததால இல்ல, நூல் சட்டுன்னு நிறுத்தினதால கழுத்து சொடுக்கி உடைஞ்சதுதான் காரணம்னு பின்னாடி வாசகர் கடிதப் பகுதியில ஆசிரியர் தரப்பே விளக்கினாங்க. மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இந்த ஒரு காட்சியை வெச்சே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். சூப்பர்ஹீரோக்களோட இயற்பியல் பத்தி 2005-ல அவர் எழுதின புத்தகத்துலயும் இது வருது.

2014-ல வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 2 படத்துலயும் நூல் பிடிக்குது, க்வென் பிழைக்கல. 2021-ல வந்த நோ வே ஹோம் படத்துல அதே ஸ்பைடர்மேன், விழுற இன்னொரு பொண்ணைக் காப்பாத்த நூலை மட்டும் நம்பல, தானே கூடக் குதிச்சு, கூடவே போய் அணைச்சுப் பிடிக்கிறார். தியேட்டர்ல எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு அழுதுக்கிட்டிருந்தப்போ, "டெக்னிக் சரி"ன்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். பக்கத்துல வீட்டம்மா இருந்தாங்க, சத்தமா சொல்லல.

இப்போ உடம்புக்குள்ள போவோம், ஏன்னா சினிமாவுல யாரும் காட்டாத இடம் அது.

ஒரு மோதல்னு நாம சொல்றதுல உண்மையில மூணு மோதல் இருக்கு. வண்டி எதுலயாவது மோதும். வண்டிக்குள்ள இருக்கிற ஆள் வண்டியில மோதுவார். அந்த ஆளுக்குள்ள இருக்கிற உறுப்புகள் அவரோட எலும்புக்கூட்டுல மோதும். முதல் ரெண்டும் போலீஸுக்கும் மெக்கானிக்குக்கும் தெரியும். மூணாவது எங்ககிட்ட வரும்.

இதயத்துலேருந்து கிளம்புற அயோர்ட்டாங்கிற பெருந்தமனி மேல போய் ஒரு கைத்தடிப் பிடி மாதிரி வளைஞ்சு கீழ இறங்கும். வளைவு வரைக்கும் அது ஓரளவு ஆடும். இறங்குற பகுதி முதுகெலும்போட ஒட்டி நிக்கும். உடம்பு சட்டுன்னு நின்னா, ஆடுற பகுதி முன்னால போகப் பாக்கும், ஒட்டின பகுதி விடாது. ரெண்டும் சந்திக்கிற இடத்துல கிழியும். அப்படி முழுசா கிழிஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க ஆஸ்பத்திரி வாசலுக்கே வர்றதில்ல.

கல்லீரலும் அப்படித்தான். ஒரு பக்கம் கட்டிப் போட்ட கனமான உறுப்பு, சட்டுன்னு நின்னா கட்டின இடத்துல கிழிஞ்சு வயித்துக்குள்ளயே ரத்தம் கொட்டும். "வெளியில ஒரு கீறல் கூட இல்லியே டாக்டர், எதுக்கு ஆபரேஷன்?"னு சொந்தக்காரங்க கேப்பாங்க. அவங்க கேக்குறதுல நியாயம் இருக்கு, கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே.

மூளை இன்னும் மென்மை. கட்டித் தயிரைக் கிண்ணத்தோட வேகமா தள்ளி, சட்டுன்னு நிறுத்திப் பாருங்க. கிண்ணம் நின்னுடும், தயிர் நிக்காது. விளிம்புல மோதும், நடுவுல வெடிக்கும். மூளையில அந்த மாதிரி நடக்கும்போது நரம்பு இழைகள் நீண்டு அறுபடுது. இதுல கொடுமை என்னன்னா, சில சமயம் சிடி ஸ்கேன் கிட்டத்தட்ட நார்மலா இருக்கும். "ஸ்கேன்ல ஒண்ணும் பெருசா இல்லன்னீங்க, அப்புறம் ஏன் இன்னும் கண் முழிக்கல?" ஐசியூ வாசல்ல நான் ரொம்ப நேரம் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி இது.

சரி, இவ்வளவு பயமுறுத்திட்டு, பிழைச்சவங்களைச் சொல்லாம விட்டா எப்படி.

1944 மார்ச். இரண்டாம் உலகப் போர். நிக்கலஸ் அல்கமேட்ங்கிற பிரிட்டிஷ் விமானப்படை வீரர். ஜெர்மனிக்கு மேல அவர் விமானம் தீப்பிடிச்சு எரியுது, பாராசூட்டும் எரிஞ்சு போச்சு. எரிஞ்சு சாகுறதுக்கு விழுந்து சாகலாம்னு சுமார் 5,500 மீட்டர் உயரத்துலேருந்து குதிச்சுட்டார். விழுந்தது பைன் மரங்கள் மேல, கீழ பனி. கால் சுளுக்கோட பிழைச்சார்.

நம்ம வகுத்தலைப் போடுங்க. ஒரு சின்ன திருத்தம் மட்டும்: காத்து தடுக்கிறதால மனுஷன் எவ்வளவு உயரத்துலேருந்து விழுந்தாலும் வேகம் மணிக்கு 200 கிமீ பக்கத்துல போய் நிலைச்சுடும். அது காத்தே இல்லாம 150 மீட்டர் விழுந்த வேகம். அதனால எவ்வளவு பெரிய உயரமா இருந்தாலும் 150-னு எடுத்துக்கிட்டாப் போதும். கிளைகளும் பனியும் சேர்ந்து அஞ்சு மீட்டர் குடுத்திருந்தா 30 ஜி. கஷ்டம்தான், ஆனா உயிர் தங்கக்கூடிய கஷ்டம்.

2016-ல லூக் ஐக்கின்ஸ்ங்கிற அமெரிக்கர் இதையே திட்டம் போட்டுப் பண்ணினார். 7,600 மீட்டர் உயரத்துலேருந்து பாராசூட் இல்லாம குதிச்சு, கலிஃபோர்னியாவுல கட்டி வெச்சிருந்த 30 மீட்டருக்கு 30 மீட்டர் வலையில விழுந்தார். கடைசி நொடியில மல்லாக்கத் திரும்பி முதுகால விழுந்தார். எழுந்து வந்து மனைவியைக் கட்டிப் பிடிச்சார். அந்த வலைக்கு சூப்பர்மேன் அளவு பலம் கிடையாது. இறங்கிக் குடுக்கத் தெரியும், அவ்வளவுதான்.

இந்த வரிசையில எனக்கு ரொம்பப் பிடிச்சவர் ஒரு டாக்டர். ஜான் ஸ்டாப், அமெரிக்க விமானப்படை மருத்துவர். வேகமா வந்து சட்டுன்னு நின்னா மனுஷ உடம்பு எவ்வளவு தாங்கும்னு யாருக்கும் தெரியாத காலம். அவர் என்ன பண்ணினார்? தண்டவாளத்துல ஓடுற ராக்கெட் வண்டியில தன்னையே கட்டிப் போட்டுக்கிட்டார். ஒரு தடவை இல்ல, பல தடவை. விலா எலும்பு, மணிக்கட்டுன்னு உடைச்சுக்கிட்டு, மறுபடி போய் உக்காந்தார்.

1954 டிசம்பர் 10-ஆம் தேதி கடைசி ஓட்டம். வேகம் மணிக்கு 1,017 கிமீ. நின்னது 1.4 நொடியில. உச்சத்துல 46.2 ஜி. கண்ணுக்குள்ள ரத்தக்குழாய்கள் வெடிச்சு கொஞ்ச நேரம் பார்வையே இல்ல. பார்வை திரும்பி வந்துச்சு. 89 வயசு வரை வாழ்ந்தார்.

அவரைக் காப்பாத்தினது உடம்பை வண்டியோட இறுக்கிக் கட்டின பட்டைகள். வண்டி நிக்கிறதுக்கு எவ்வளவு தூரம் எடுத்துக்கிச்சோ, அவ்வளவு தூரமும் அவருக்கும் கிடைச்சுது. விமானப்படை ஆட்கள் விமானத்துல சாகுறதைவிட ரோட்ல கார் விபத்துல அதிகமா சாகுறாங்கன்னு கவனிச்ச ஸ்டாப், வாழ்நாளோட மிச்சத்தைக் கார் சீட் பெல்டுக்காகச் செலவு பண்ணினார். 1966-ல அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டத்துல ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டப்போ அந்த இடத்துல அவரும் இருந்தார். மார்வெல், டிசி ரெண்டுலயும் தேடிப் பாத்துட்டேன், இவருக்கு இணையா ஒரு ஹீரோ எனக்குக் கிடைக்கல.

நம்ம பக்கத்துப் படத்துக்கும் வந்துடுவோம், இல்லன்னா கமெண்ட்ல கேப்பீங்க. பாகுபலி 2, 2017. மகிழ்மதிக் கோட்டைக்கு வெளியில நெட்டை மரங்களை வளைச்சு, வீரர்கள் கேடயத்தைச் சுத்திப் பிடிச்சு உருண்டையா மாறி, மரம் நிமிர்ற வேகத்துல மதிலைத் தாண்டிப் பறந்து உள்ள விழுறாங்க. அது பனையா தென்னையான்னு சண்டை போடாதீங்க, என் கவலை வேற.

எல்லாரும் இந்தக் காட்சியில கிளம்புறதைத்தான் கிண்டல் பண்றாங்க. எனக்குக் கிளம்புறதுல பெரிய பிரச்சினை இல்ல. மதில் 30 மீட்டர்னு வெச்சுக்கிட்டு, மரம் பத்து மீட்டர் தூரம் தள்ளிக் குடுத்தா 3 ஜி. நல்ல ஜெயண்ட் ராட்டினம், அவ்வளவுதான். மரத்துக்கு அந்த பலம் உண்டான்னு மரத்தைக் கேளுங்க, உடம்பு தாங்கும்.

இறங்குறதுதான் சிக்கல். அதே 30 மீட்டர், கீழ கல் தரை, சுத்தி உலோகக் கேடயம். கேடயம் நசுங்காது. நின்னது பத்து செமீன்னா 300 ஜி. கேடயத்துக்குள்ள வீரர்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் மோதுவாங்க, பெல்ட் போடாத ஷேர் ஆட்டோ கவிழ்ந்த மாதிரி. கேடயம் திறக்கும்போது வாளோட எழுந்து வர யாரும் இருக்க மாட்டாங்க. அமரேந்திர பாகுபலியோட மகன் கொஞ்சம் வைக்கோல் போர் ஏற்பாடு பண்ணியிருக்கலாம்.

அயர்ன் மேனுக்கும் இதே கதிதான். 2008 படத்துல முதல் கவசத்தைப் போட்டுக்கிட்டு பாலைவனத்துல பொத்துன்னு விழுந்து, எழுந்து நடப்பார். ஒரு முட்டையை எவர்சில்வர் டப்பாவுக்குள்ள போட்டு மொட்டை மாடியிலேருந்து போடுங்க. டப்பா நல்லா இருக்கும். திறந்து பாத்தா ஆம்லெட்டுக்கு ரெடி. அதே டப்பாவுக்குள்ள முட்டையைச் சுத்திப் பஞ்சை அடைச்சுப் போட்டுப் பாருங்க. அப்போ ஒருவேளை முட்டை பிழைக்கும்.

இப்போ ஹெல்மெட்டைப் பத்திப் பேசலாம். ஹெல்மெட்னா வெளி ஓடுதான்னு பல பேர் நினைக்கிறாங்க. தட்டிப் பாத்து, "நல்லா கெட்டியா இருக்கு"ன்னு வாங்குறாங்க. வெளி ஓடு உராய்வையும் கூர்மையான பொருளையும் தடுக்கும். மூளையைக் காப்பாத்துறது உள்ள இருக்கிற தெர்மாகோல் மாதிரியான நுரை. டிவி பெட்டிக்குள்ள வர்ற அதே குடும்பம், கொஞ்சம் அடர்த்தியானது.

நின்னுக்கிட்டிருக்கிற பைக்லேருந்து சாஞ்சு விழுந்தா தலை சுமார் ஒன்றரை மீட்டர் கீழ வருது. வெறும் மண்டை ரோட்ல அஞ்சு மில்லிமீட்டருக்குள்ள நின்னுடும். 1.5-ஐ 0.005-ஆல வகுத்தா 300 ஜி. நுரை ரெண்டு செமீ நசுங்கிக் குடுத்தா 75 ஜி. வண்டி ஓடவே இல்ல, தெரு முனைக்குப் பால் வாங்கத்தான் கிளம்பினார், அதுக்கே இந்த வித்தியாசம்.

ரோட்டோரத்துல விக்கிற, போலீஸுக்குக் காட்டுறதுக்காக வாங்குற தொப்பி மாதிரி ஹெல்மெட்டை உள்ள விரலால அமுக்கிப் பாருங்க. துணியும் மெல்லிசு ஸ்பாஞ்சும்தான் இருக்கும், நுரை இருக்காது. அது அயர்ன் மேன் கவசம். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151-ங்கிற எண்ணும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. தாடைப் பட்டையைப் போடுங்க, இல்லன்னா தலைக்கு முன்னாடி ஹெல்மெட் பறந்து போயிடும். ஒரு தடவை நல்லா அடி வாங்கின ஹெல்மெட்டை, வெளியில பளபளன்னு இருந்தாலும் மாத்திடுங்க. நசுங்கின நுரை திரும்ப எழாது.

கார் விஷயத்துலயும் இதே குழப்பம்தான். "அந்தக் காலத்து வண்டி இரும்பு சார், இடிச்சா கூட ஒண்ணும் ஆகாது. இப்போ வர்றதெல்லாம் தகர டப்பா, தொட்டா நசுங்குது." இதைச் சொல்லாத மாமா, சித்தப்பா நம்ம குடும்பங்கள்ல உண்டா?

நசுங்குறதுக்காகத்தான் சித்தப்பா அப்படிச் செஞ்சிருக்காங்க. முன் பகுதி நசுங்கணும், நடுவுல ஆள் உக்காருற கூண்டு நசுங்கக் கூடாதுங்கிற யோசனை மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனியோடது. 1959-ல அந்தக் கம்பெனி கார்கள்ல அது வந்துச்சு. அதே 1959-லதான் வோல்வோவுல நில்ஸ் போலின் இப்போ நாம போடுற மூணு முனை சீட் பெல்டைக் கொண்டு வந்தார். மத்த கம்பெனிகளும் பயன்படுத்திக்கட்டும்னு வோல்வோ காப்புரிமையைத் திறந்து விட்டுச்சு.

அதே 1959-ஆம் வருஷத்து செவர்லே பெல் ஏர் காரையும், 2009-ஆம் வருஷத்து செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மணிக்கு 64 கிமீ வேகத்துல மோத விட்டுப் பாத்தாங்க, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு. 2009-ல நடந்தது. யூடியூப்ல வீடியோ இருக்கு, அந்தச் சித்தப்பாவுக்கு அனுப்புங்க. பார்க்க மலை மாதிரி இருந்த பழைய கார்ல ஓட்டுநர் இடமே உள்ள மடங்கிப் போச்சு, ஸ்டியரிங் பொம்மை மேல ஏறிடுச்சு. புது கார் முன்னாடி அப்பளம். உள்ள இருந்த பொம்மைக்குக் காலுல அடி, அவ்வளவுதான்.

முன்னாடி நசுங்குற இடத்துல பெரிய இரும்பு பம்பர் மாட்டி, கெத்தா ஓட்டுறாங்களே, அது நசுங்குற இடத்தைப் பூட்டி வெக்கிற வேலை. ஏர்பேக் எப்போ விரியணும்னு முடிவு பண்ற கணக்கும் அதால கெட்டுப் போகலாம். 2017 டிசம்பர்ல மத்திய அரசு அதை மாட்டக் கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதினது அதனாலதான்.

பெல்ட் போட்டாத்தான் நசுங்குற அந்த அறுபது செமீ உங்களுக்குச் சொந்தம். போடலைன்னா கார் நின்னுடும், நீங்க நிக்க மாட்டீங்க. அதே வேகத்துல போய் டாஷ்போர்டுல அஞ்சு செமீக்குள்ள நிப்பீங்க. பின் சீட்ல இருக்கிறவர் போய் முன் சீட்ல இருக்கிறவர் முதுகுல நிப்பார். மணிக்கு 50 கிமீங்கிறது பத்து மீட்டர் உயரத்துலேருந்து விழுற வேகம். மூணு மாடி. நகரத்துக்குள்ள மெதுவாத்தான் போறோம்னு சொல்ற வேகம் அது.

இப்போ மடியில குழந்தை.

பத்து கிலோ குழந்தை. கார் 50 கிமீ வேகத்துல போய் எதுலயோ மோதி, அறுபது செமீ நசுங்கி நிக்குது. 10-ஐ 0.6-ஆல வகுத்தா 16 ஜிக்கு மேல. இது சராசரிதான், உச்சம் இன்னும் அதிகம். அந்த நேரத்துல அந்தக் குழந்தையோட எடை உங்க கைக்கு 160 கிலோவுக்கு மேல. மூணு சிமெண்ட் மூட்டைக்கு மேல, எந்த முன்னறிவிப்பும் இல்லாம.

கேஷுவல்டி டியூட்டியில ஒரு அம்மாவைப் பாத்தேன். முன் சீட்ல உக்காந்து மடியில குழந்தையை வெச்சிருந்தாங்க. ஊருக்குள்ள, பெரிய வேகம் கூட இல்ல. அவங்களுக்கு ரெண்டு மணிக்கட்டும் உடைஞ்சிருந்துச்சு. மாவுக்கட்டு போடும்போது, "கெட்டியாத்தான் சார் பிடிச்சிருந்தேன், கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்"னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாங்க. கெட்டியாப் பிடிச்சிருக்காங்க, உடைஞ்ச மணிக்கட்டே அதுக்கு சாட்சி. நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, இந்த 160 கிலோ கணக்கைத்தான் அவங்களுக்குச் சொன்னேன். உலகத்துல எந்த அம்மாவாலயும் முடியாதும்மா, பளு தூக்குற ஆளாலயும் முடியாதுன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாங்களான்னு தெரியல. குழந்தையைப் பத்தி இங்க எழுத எனக்கு மனசு வரல.

சட்டமும் இதைச் சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவு, 14 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாம ஓட்டினா ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதம் வாங்கினவங்களை நான் பாத்ததில்ல, அது வேற விஷயம்.

"குழந்தை சீட்ல உக்காரவே மாட்டேங்குது டாக்டர், அழுவுது"ன்னு சொல்வீங்க. தெரியும். எங்க வீட்லயும் முதல் பதினஞ்சு நாள் கார் முழுக்க ஒப்பாரிதான். அப்புறம் பழகிடுச்சு. இப்போ பெல்ட் மாட்டாம நான் வண்டியை எடுத்தா எனக்கு வசவு விழுது.

வாங்குறவங்களுக்கு: சின்னக் குழந்தைன்னா முகம் பின்னாடி பாக்குற மாதிரி இருக்கிற சீட். நிக்கும்போது தலை, கழுத்து, முதுகு மொத்தமும் சீட்ல பதிஞ்சு, விசை பரவலா இறங்கும். நல்லா வளர்ற வரைக்கும், சீட்ல போட்டிருக்கிற எடை, உயர வரம்பு தாண்டுற வரைக்கும் அப்படியே விடுங்க. முன்னாடி திருப்ப அவசரப்படாதீங்க. கார் பெல்ட்டாலயோ ஐசோஃபிக்ஸ் கொக்கியாலயோ இறுக்கிக் கட்டிட்டு, சீட்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, தளதளன்னு ஆடக் கூடாது. மாட்ட வேண்டிய இடம் பின் சீட். ஏர்பேக் இருக்கிற முன் சீட்ல பின்னோக்கிப் பாக்குற குழந்தை சீட்டை மாட்டவே மாட்டாதீங்க, விரியற ஏர்பேக் நேரா சீட்டோட முதுகுல அறையும். உங்க கார்ல முன் பக்கத்து சன் வைசரைக் கீழ இறக்கிப் பாருங்க, அதுக்கான எச்சரிக்கைப் படம் அங்க ஒட்டியிருக்கும்.